மண்ணுக்காகவே போகலாம்: ரொட்டோருவாவின் காட்டு மிதிவண்டித் தடங்கள்

நியூசிலாந்தின் வடக்குத் தீவில், ரொட்டோருவா நகரத்தை ஒட்டித் தொடங்கும் ஃபாகரேவரேவா காட்டைப் பற்றிய அறிமுகங்கள் பெரும்பாலும் ரெட்வுட் மரங்களிலும் நீல ஏரியிலும் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகின்றன. இரண்டும் பார்க்க வேண்டியவைதான். ஆனால் மலை மிதிவண்டியோடு அந்தக் காட்டுக்குள் நுழைபவருக்குக் கிடைக்கும் பெரும்பேறு சக்கரத்துக்கு அடியில் இருக்கும் மண்தான் என்பது என் உறுதியான கருத்து. அந்த மண்ணும், அதை நன்றாகப் புரிந்துகொண்டு தடங்களை வெட்டியவர்களின் கைத்திறனும் சேர்ந்துதான் இந்த இடத்தை நான் ஓட்டிப் பார்த்த மற்ற எல்லாக் காடுகளுக்கும் மேலே வைக்கின்றன.

ரொட்டோருவா எரிமலை வட்டாரம். நகரத்தின் கரையைத் தொட்டு நிற்கும் பெரிய ஏரி, சுமார் 2,40,000 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த மாபெரும் வெடிப்புக்குப் பின் நிலம் உள்வாங்கியதால் உண்டான குழியில் தேங்கிய நீர். அதற்குப் பிறகும் சுற்றுவட்டார எரிமலைகள் பலமுறை சீறி, நுரைக்கல்லையும் சாம்பலையும் அடுக்கடுக்காக மலைகளின்மேல் கொட்டியிருக்கின்றன. நுரைக்கல் துகள்களுக்குள்ளும் அவற்றுக்கு இடையிலும் காற்றறைகள் நிறைந்திருப்பதால், மழைநீர் மேற்பரப்பில் தேங்காமல் விரைவாகக் கீழே இறங்கிவிடுகிறது. களிமண் தடங்களில் ஓட்டிப் பழகியவர்களுக்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை. அங்கே ஒரு நல்ல மழை பெய்தால், டயரில் அப்பும் சேறு வண்டியின் சட்டத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவே அடைத்துக்கொண்டு சக்கரத்தையே சுற்றவிடாது. பிடிவாதமாக ஓட்டினால் தடம் உழுதுபோட்ட வயலாகி, அடுத்து வருபவருக்கும் பயன்படாமல் போகும். இங்கே இரவெல்லாம் மழை கொட்டியிருந்தாலும் மறுநாள் காலையில் பெரும்பாலான தடங்களில் தாராளமாக ஓட்டலாம். உண்மையில் அந்தக் காலைதான் ஓட்டுவதற்கு மிகச் சிறந்த வேளை, ஏனெனில் ஈரம் மண்ணை இறுக்கிப் பிடித்திருப்பதால் டயரின் பிடிப்பு வேறெந்த நாளிலும் கிடைக்காத அளவுக்கு உறுதியாக இருக்கும். மழையே இல்லாமல் நீளும் கோடையில் நிலைமை தலைகீழாகிவிடும். அப்போது அதே மண் கையில் எடுத்தால் வறுத்த ரவையைப் போல உதிர்கிறது. வளைவுகளின் வெளிவிளிம்பில் பொடி குவிந்துகிடக்க, வேகமாக வருபவரின் முன்சக்கரம் சொல்லாமல் கொள்ளாமல் விலகிவிடும். அங்கே கோடையான பிப்ரவரியில் போகிறவர்கள் இதை நினைவில் வைத்து, முதல் சில வளைவுகளை நிதானமாக எடுப்பது நல்லது.

மண் நல்லதாக இருந்தால் மட்டும் தடம் தானாக நன்றாக அமைந்துவிடாது. இவ்வளவு இலேசான மண்ணைச் சரிவில் நேராக வெட்டிவிட்டால், நீர் அதையே கால்வாயாக்கிக்கொண்டு ஒரே பருவத்தில் அரித்துவிடும். அதனால் இங்குள்ள நல்ல தடங்கள் ஒருபோதும் நீண்ட தூரத்துக்கு ஒரே சீராகக் கீழே இறங்குவதில்லை. சற்று இறங்கியதும் சிறிதளவு ஏறுகின்றன, பின் மறுபடி இறங்குகின்றன. ஒவ்வொரு பள்ளத்தின் அடியிலும் நீர் தடத்தைவிட்டு வெளியேற ஒரு வாய் திறந்துவிடப்பட்டிருக்கிறது. நீருக்காகச் செய்யப்பட்ட இந்த ஏற்பாடே ஓட்டுபவருக்கு இன்பமாகவும் அமைந்துவிடுகிறது. பள்ளத்தில் கிடைத்த வேகம் அடுத்த மேட்டில் ஏற்றிவிடுகிறது. மேட்டின் உச்சியில் உடல் இலேசாகும் நொடியில் அடுத்த வளைவு கண்ணில் படுகிறது. பிரேக்கைத் தொடாமலும் பெடலை மிதிக்காமலும் நீண்ட நேரம் ஓடக்கூடிய அந்த ஓட்டம் தற்செயலாக வருவதன்று. சரிவின் கோணத்தையும் வளைவின் ஆரத்தையும் பொறுமையாகக் கணித்தவர்கள் தந்தது அது. இத்தடங்களில் பலவற்றை உருவாக்குவதிலும் பராமரிப்பதிலும் உள்ளூர்த் தன்னார்வலர்களின் மண்வெட்டி உழைப்பு பெரும்பங்கு வகித்திருக்கிறது என்பதை அறியும்போது மதிப்பு இன்னும் கூடுகிறது. தடங்களில் ஓட்டுவதற்கு நுழைவுக் கட்டணம் இல்லை. பராமரிப்புக்கு நன்கொடை பெறப்படுகிறது. வசதியுள்ளவர்கள் தயங்காமல் கொடுக்க வேண்டும் என்றே சொல்வேன்.

காட்டுக்குள் நுழைய வசதியான இடங்கள் பல இருந்தாலும், முதன்முறை வருபவர்களுக்கு வைபா வாகன நிறுத்துமிடத்தைப் பரிந்துரைக்கிறேன். எளிய தடங்கள் அங்கிருந்தே தொடங்குவதால், வண்டியையும் உடலையும் சரிபார்த்துக்கொண்டு மெதுவாக உள்ளே போகலாம். நியூசிலாந்தில் மலை மிதிவண்டித் தடங்கள் ஒன்று முதல் ஆறு வரை தரம் பிரிக்கப்படுகின்றன. இரண்டு என்றால் எளிது, மூன்று இடைநிலை, நான்கு தேர்ச்சி பெற்றவர்களுக்கு, ஐந்தும் ஆறும் வல்லுநர்களுக்கு. பல நாடுகளில் இத்தகைய தர எண்களை நம்பிப் போய் ஏமாறுவதுண்டு. இங்கே எண்ணும் தடமும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. மூன்று என்று பலகையில் இருந்தால், அந்தத் தடத்தின் கடைசி மீட்டர் வரை மூன்றாகவே இருக்கும், நடுவில் திடீரென ஆளை விழுங்கும் பாறைச் சரிவு எதுவும் வந்து நிற்காது. குடும்பத்தோடு வருபவர்களுக்கு இந்த நேர்மை மிகப் பெரிய நிம்மதி.

தொடக்க நிலையினர் முதலில் ஓட்ட வேண்டியது தி டிப்பர் என்ற தடம். அகலம் குறைந்த ஒற்றையடிப் பாதை, மரப்பெரணிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து செல்கிறது. அங்குள்ள வளைவுகள் எப்படிக் கற்பிக்கின்றன என்பதைச் சற்று விரிவாகவே சொல்லலாம். சிறு பள்ளத்தில் இறங்கியதும் தடம் இடப்பக்கம் திரும்புகிறது. வெளிப்பக்கத்து மண் முழங்கால் உயரத்துக்குச் சாய்வாக எழுப்பப்பட்டிருக்கிறது. புதிதாக ஓட்டுபவரின் கண் இயல்பாகவே முன்சக்கரத்துக்கு ஒரு முழம் முன்னால் கிடக்கும் வேரில் போய் நிற்கும். கண் நிற்கும் இடத்தில்தான் வண்டியும் போய் நிற்கும். அந்த வேரை விட்டுவிட்டு வளைவு முடியும் இடத்தைப் பார்த்தால், தோள் திரும்புகிறது, இடுப்பு திரும்புகிறது, வண்டி தானாகவே சாய்வின்மேல் ஏறி வட்டமடித்து வெளியே வருகிறது. வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, உள்ளே பிரேக்கை விட்டுவிட வேண்டும் என்பதும் அங்கேதான் உடம்பில் பதிகிறது, ஏனெனில் உள்ளே பிரேக் பிடித்தவர்களின் சக்கரம் சறுக்கிய தடயங்கள் சிற்றலைகளாக மண்ணில் அப்படியே தெரிகின்றன. அந்த அலைகளின்மேல் ஏறினால் கைப்பிடி நடுங்கும். அவற்றைத் தவிர்த்துச் சாய்வின் மேல்பகுதியில் போனால் வழவழப்பாக ஓடும். ஒரு பயிற்சியாளர் அரை நாள் நின்று சொல்ல வேண்டியதைத் தடமே சொல்லித் தருகிறது.

கையும் கண்ணும் பழகியபின் ஸ்பிளிட் என்ஸ், காரிடார், ஹக்கிள்பெரி ஹவுண்ட் ஆகியவற்றுக்குப் போகலாம். பெரிய சாய்வு வளைவுகளும் தாவுவதற்கான மேடுகளும் நிறைந்த இவை வேகத்தை விரும்புபவர்களுக்கு உரியவை. தாவ விரும்பாதவர்கள் மேடுகளை உருட்டிக்கொண்டே கடந்துவிட வழியிருப்பது இவற்றில் எனக்குப் பிடித்த அம்சம். இவற்றுக்கு நேர் எதிரான குணமுடையது டூஹோட்டோ ஆரிகி. எந்திரம் தொட்ட வழவழப்பு அங்கே கிடையாது. பூர்வீக மரங்களின் வேர்கள் பாதையெங்கும் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக்கிடக்க, அவற்றுக்கு இடையே சக்கரம் நுழைய ஒரே ஒரு கோடுதான் இருக்கும். ஈரமான நாளில் அந்தக் கோட்டையும் பிடிப்பது கடினம். மழைக்குப் பிந்திய காலைதான் சிறந்தது என்று மேலே சொன்னதற்கு இந்தத் தடம் விலக்கு. மண் நீரை உறிஞ்சும், வேர் உறிஞ்சாது. தடம் தாங்கியிருக்கும் பெயர் 1886 ஜூன் 10 அன்று டராவேரா எரிமலை வெடித்தபோது டே வைரோவா கிராமத்தில் புதையுண்டு, நான்கு நாட்களுக்குப் பிறகு உயிருடன் தோண்டியெடுக்கப்பட்ட, நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் முதிய பூசாரி ஒருவரின் பெயர். வெந்நீர் ஊற்றுகளின் சிலிக்கா படிந்து உருவான, உலகப் புகழ்பெற்ற இளஞ்சிவப்பு, வெள்ளைப் படிக்கட்டுகள் அழிந்தது அந்த வெடிப்பில்தான். சக்கரத்துக்கு அடியில் கிடக்கும் எரிமலை மண்ணின் வரலாறும் ஒரு மனிதரின் வரலாறும் ஒரே பெயர்ப் பலகையில் சந்திப்பதை அறிந்து ஓட்டுவது தனி அனுபவம்.

இறங்குவதற்கு முன் ஏற வேண்டும். மரம் வெட்டும் லாரிகளுக்காகப் போடப்பட்ட சரளைச் சாலைகள்தாம் நெடுங்காலமாக ஏறும் வழிகளாக இருந்து வந்தன, இன்றும் பல இடங்களில் அவைதாம் இருக்கின்றன. நிழல் குறைவு, பார்க்கவும் ஒன்றுமில்லை. ஏற விரும்பாதவர்களை வண்டிகளோடு சேர்த்து மேலே கொண்டுபோய் விடும் பேருந்துச் சேவையும் உண்டு. ஒரே நாளில் பல இறக்கங்களை ஓட்ட நினைப்பவர்களுக்கு அது பயன்படும். ஆனால் கால்களால் ஏறியவர் இறங்கும்போது தடத்தை நிதானத்தோடு ஓட்டுவதையும், பேருந்தில் மீண்டும் மீண்டும் ஏறியவர் மாலை நெருங்க நெருங்கக் கை அயர்ந்து விழுவதையும் பார்த்திருக்கிறேன். உள்ளங்கை வலிக்கத் தொடங்கிவிட்டால் அந்த நாளை முடித்துக்கொள்வதே சரி.

இனி ஏரிகள். காட்டின் கிழக்கு விளிம்பில் டிகிடாபு, ரொட்டோககாஹி என்ற இரண்டு ஏரிகள் ஒரு குறுகிய மேட்டுநிலத்தின் இருபுறமும் கிடக்கின்றன. முன்னதை நீல ஏரி என்றும் பின்னதைப் பச்சை ஏரி என்றும் அழைக்கிறார்கள். டிகிடாபுவின் அடியில் வெண்மையான நுரைக்கல்லும் ரயோலைட் என்ற எரிமலைப் பாறையும் இருப்பதால் தெளிந்த நீர் அப்படியொரு நீலத்தைக் காட்டுகிறது. மண்ணைப் பற்றி நான் மேலே சொன்னதெல்லாம் நீருக்கு அடியிலும் தொடர்கிறது. காட்டை முழுவதுமாகச் சுற்றிவரும் ஃபாரஸ்ட் லூப் என்னும் 33 கிலோமீட்டர் சுற்றுத்தடம் இந்த ஏரிகளின் பக்கமாகப் போகிறது. பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் தரத்துக்குள் அடங்கும் தடம் என்பதால், ஓரளவு உடல்வலிமை உள்ள எவரும் இடையிடையே நின்று இளைப்பாறி அரை நாளில் முடித்துவிடலாம். மரங்களின் இருட்டிலிருந்து வெளியே வந்ததும் திடீரென விரியும் நீர்ப்பரப்பு உள்ளத்தைக் கொள்ளைகொள்கிறது என்பதில் ஐயமில்லை.

ஆயினும், ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்று கேட்பவர்களிடம் ஃபாரஸ்ட் லூப்பை நான் முதலில் சொல்ல மாட்டேன். மிக அதிகமாக விளம்பரப்படுத்தப்படும் தடம் அதுதான், ஊர் சுற்ற வந்தவர்களுக்கு அது மிகப் பொருத்தமானதும்கூட. ஆனால் அகலமும் மென்மையும் கொண்ட அந்தச் சுற்று, கைத்திறனோடு வெட்டப்பட்ட குறுந்தடங்களின் சுவையைக் காட்டுவதில்லை. வண்டி ஓட்டுவதையே விரும்பி வருபவர் தம் முதல் நாளைக் காட்டின் நடுவே உள்ள தடங்களுக்குக் கொடுத்துவிட்டு, கால்கள் களைத்த இரண்டாம் நாளில் ஏரிகளின் பக்கம் போனால் இரண்டையும் முழுமையாக அனுபவிப்பார். டிகிடாபுவில் இறங்கிக் குளிக்கலாம், கோடையில் ஓட்டி முடித்ததும் அதைவிட இதமானது வேறில்லை. ரொட்டோககாஹி அப்படியன்று. அது மாவோரி மக்களின் புனித ஏரி. குளிக்கவும் படகு விடவும் மீன் பிடிக்கவும் அனுமதியில்லை. தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போவதுதான் முறை.

நகரத்தை ஒட்டிய பகுதியில் நிற்கும் ரெட்வுட் மரங்கள் 1901இல் நடப்பட்டவை. எந்த வெளிநாட்டு மரம் இந்த மண்ணில் நன்றாக வளரும் என்று அறிய அக்காலத்தில் பல வகை மரங்களை நட்டுப் பார்த்தார்கள். கலிபோர்னியாவிலிருந்து வந்த ரெட்வுட் இன்று எழுபது மீட்டரை நெருங்கியும் தாண்டியும் நிற்கிறது. அந்தத் தோப்புக்குள் இருக்கும் நடைபாதைகள் நடப்பவர்களுக்கு மட்டுமே உரியவை. மிதிவண்டியை வெளியே பூட்டிவிட்டு நடந்து போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

இந்தக் காட்டைப் பற்றிப் பலரும் எழுதாமல் விடும் ஒன்றை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். இது பூங்கா அன்று. மரத்துக்காக வளர்க்கப்படும் தோட்டக்காடு. ரேடியாட்டா பைன், டக்ளஸ் ஃபிர் போன்றவை இங்கே நடப்பட்டு, வளர்ந்து, வெட்டப்படுகின்றன. சென்ற முறை நிழலில் ஓட்டிய தடம் இந்த முறை மொட்டைச் சரிவாக நிற்கலாம், அல்லது முற்றிலும் மூடப்பட்டிருக்கலாம். வெட்டு முடிந்தபின் தடங்களை மறுபடி உருவாக்குகிறார்கள், ஆனால் அதற்குக் காலம் பிடிக்கும். நெடுந்தொலைவு பயணம் செய்து வந்தவருக்கு, ஆசையோடு குறித்து வைத்திருந்த தடத்தின் முகப்பில் குறுக்கே கட்டிய நாடாவைப் பார்ப்பது வருத்தம்தான். அந்த நாடாவைத் தாண்டிச் சிலர் போவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தத்தைவிடக் கோபமே வருகிறது. மேலே எந்திரம் ஒரு மரத்தைச் சாய்த்துக்கொண்டிருக்கும்போது அதன் ஓட்டுநருக்குக் கீழே தடத்தில் ஒருவர் வருவது தெரியாது. பலத்த காற்றின்போதும் காட்டுத்தீ அபாயம் மிகுந்த நாட்களிலும்கூடத் தடங்கள் மூடப்படுவதுண்டு. கிளம்புவதற்கு முன் அன்றைய மூடல்களை இணையத்தில் பார்த்துக்கொண்டு, அதற்கேற்ப வழியை வகுப்பதுதான் அறிவுடைமை.

நிலத்துக்கு உரியவர்களும் இருக்கிறார்கள். 2008இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, வடக்குத் தீவின் நடுப்பகுதியில் இருந்த அரசுக் காட்டு நிலங்கள் 2009இல் மாவோரி இனக்குழுக்களின் கூட்டமைப்பிடம் திருப்பித் தரப்பட்டன. இந்தக் காட்டு நிலமும் அவற்றுள் ஒன்று. அவர்கள் வழிவிடுவதால்தான் நாம் அங்கே ஓட்டுகிறோம். தடம் மூடல் பற்றிக் குறைப்படும்போது இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

வண்டியைப் பொறுத்தவரை, வேர் நிறைந்த தடங்களுக்குப் போவதானால் முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் உள்ள வண்டியையும், எளிய தடங்களும் ஃபாரஸ்ட் லூப்பும் மட்டும் போதுமென்றால் முன்பக்கச் சஸ்பென்ஷன் மட்டுமுள்ள இலகுவான வண்டியையும் வாடகைக்கு எடுக்கலாம். எடுக்கும் இடத்திலேயே சோதித்துவிட வேண்டும். எனக்கு ஒருமுறை கொடுக்கப்பட்ட வண்டியில் பின்பிரேக்கின் பட்டைகள் உலோகம் தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தன. தடத்தின் பாதியில் கீச்சென்ற ஒலியோடு பிடிப்பு குறைந்துகொண்டே வர, மீதித் தூரத்தை வண்டியைத் தள்ளிக்கொண்டே இறங்க வேண்டியிருந்தது. கடைக்காரர்கள் மறுபேச்சின்றி வேறு வண்டி கொடுத்தார்கள். ஆனால் இப்படிப்பட்ட செங்குத்தான ஊரில் வண்டி வாடகைக்குவிடுபவர்கள் ஒவ்வொரு முறையும் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை அது. சக்கரத்தைத் தூக்கிச் சுற்றி, பிரேக்கை அழுத்தி, அச்சு இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்க இரண்டு நிமிடம் போதும். இங்கே வலக்கைப் பிரேக் முன்சக்கரத்துக்கு உரியது. வட அமெரிக்காவில் பழகியவர்களுக்கு இது மாறியிருக்கும் என்பதால் சமதரையில் ஓட்டிக் கையைப் பழக்கிக்கொள்ள வேண்டும். டயரில் காற்றைச் சாலையில் வைப்பதைவிடக் குறைவாக வைத்தால் வேர்களின்மேல் பிடிப்பு கூடும், அளவை மிஞ்சிக் குறைத்தால் வளையம் அடிபடும்.

விபத்தால் காயமடையும் வெளிநாட்டவருக்கும் சிகிச்சைச் செலவில் உதவும் அரசுத் திட்டம் நியூசிலாந்தில் உண்டு. அது பயணம் தடைப்பட்ட இழப்பையோ தாயகம் திரும்பும் செலவையோ ஈடுசெய்யாது, ஆகவே பயணக் காப்பீடு எடுக்காமல் போகக் கூடாது. அவசர அழைப்பு எண் 111. தனியாகப் போகிறவர்கள் எந்தத் தடத்துக்குப் போகிறோம் என்பதை யாரிடமாவது சொல்லிவிட்டுப் போவது கட்டாயம். தடங்களின் பெயர்ப் பலகைகள் தெளிவாக இருப்பதால், உதவி கேட்கும்போது தடத்தின் பெயரைச் சொன்னாலே போதும்.

2015 முதல் ரொட்டோருவாவில் கிராங்க்வொர்க்ஸ் என்னும் பெரும் மிதிவண்டி விழா நடைபெற்று வருகிறது, பெரும்பாலான ஆண்டுகளில் மார்ச் மாதத்தில். அதன் முக்கியப் போட்டிகள் நகரத்தின் மறுபுறம் உள்ள ஙோங்கோடாஹா மலையில் நடந்தாலும், அந்த வாரத்தில் காட்டுத் தடங்களிலும் கூட்டம் நெருக்கும், தங்குமிடம் கிடைப்பது கடினம். போட்டிகளைப் பார்க்க விரும்புபவர்கள் பல மாதங்களுக்கு முன்பே ஏற்பாடு செய்ய வேண்டும். அமைதியாக ஓட்ட விரும்புபவர்களுக்கு விழா முடிந்த பிறகு வரும் ஏப்ரல் மாதத்தைச் சொல்வேன். இலையுதிர் காலத்து மழை தொடங்கி மண் மறுபடி இறுகியிருக்கும், குளிர் இன்னும் கடுமையாகியிருக்காது, வார நாட்களில் டிப்பர் முழுவதையும் ஒருவரையும் சந்திக்காமல் ஓட்டி முடிக்கலாம்.